தருக்கப் புதிரும் சட்டப் புகுமுகத் தேர்வும்

சட்டம் பயிலப் புகும் ஒருவனிடம் சட்டத்தைப் பற்றி ஒரு வினாவும் கேளாது, ஆறு சாட்சிகளை எவ்வெவ் வரிசையில் நிறுத்தலாம் என்று கேட்பது முதற்பார்வைக்கு வேடிக்கையாகவே தோன்றும். எனினும், அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1982ஆம் ஆண்டு தொடக்கம் 2024ஆம் ஆண்டு வரை, நாற்பத்திரண்டு ஆண்டுகளாகச் சட்டக் கல்லூரியின் வாயிலில் நின்ற மாணவருட் பெரும்பாலோர் இத்தகைய வினாக்களுக்கு விடையிறுத்த பின்னரே உட்புக நேர்ந்தது. அவ்வினாக்கள் எத்தன்மையன, அவற்றை விடுவிக்கும் நெறி யாது, நாற்பதாண்டு நிலைத்த அவை ஏன் நீக்கப்பட்டன என்பன ஆராயத்தக்கன. மூன்றாவது வினாவுக்குரிய விடை இரண்டாவதன் உள்ளேயே கிடக்கின்றது.

அந்நாட்டில் சட்டக் கல்வி முதற்பட்டத்துக்குப் பின்னரே தொடங்கும். இலக்கியம் கற்றவரும், இரசாயனம் கற்றவரும், இசை கற்றவரும் ஒரே வாயிலுக்கு வருவர். அவர்கள் அனைவரையும் ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும். எப்பாடத்தின் அறிவையும் முன்னீடாகக் கொள்ளுதல் ஆகாது. இந்நோக்கத்தோடு 1948ஆம் ஆண்டில் முதன்முதலாக நடத்தப்பட்டதே சட்டக் கல்லூரிப் புகுமுகத் தேர்வு. 1982இல் அதனுள் ‘பகுப்பாய்வுத் தருக்கம்’ என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. மாணவர் அதனைத் ‘தருக்க விளையாட்டு’ என்றே அழைத்தனர். முப்பத்தைந்து நிமிடம், நான்கு புதிர்கள், அவற்றின்மேல் இருபத்திரண்டு முதல் இருபத்து நான்கு வரையான வினாக்கள், ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து விடைகள் தரப்பட்டிருக்க, சரியானது ஒன்றைத் தெரிதல் வேண்டும். ஒரு புதிருக்கு ஒன்பது நிமிடமும் முழுமையாகக் கிடையாது. மதிப்பெண் பெறும் வினாக்கள் ஏறத்தாழ நூறாக இருந்த நெடுங்காலத்தில் இப்பகுதி ஏறக்குறைய நாலில் ஒரு பங்காய் இருந்தமையின், இதில் இடறியவர் பெயர்பெற்ற கல்லூரிகளில் இடம்பெறுதல் அரிதாயிற்று.

தருக்கத்தை விளையாட்டாக்கும் கருத்து அமெரிக்கர் கண்டதன்று. ஒக்ஸ்போட்டிலே கணிதம் கற்பித்த சாள்ஸ் டொட்ஜ்சன், லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரோடு 1886இல் ‘தருக்க விளையாட்டு’ என்றே ஒரு நூலை இயற்றி, அதனோடு ஒரு கட்டப்பலகையையும் செந்நிற, சாம்பல்நிறக் காய்களையும் சேர்த்து வெளியிட்டார். ஒரு கட்டத்தில் ஏதேனும் உண்டெனின் செங்காய்; வெறுமையெனின் சாம்பற்காய். காய்களை வைத்து முடிந்ததும், முடிபு தானே பலகையில் தெரியும். அவருக்கு முன்னரே ஓயிலர் என்னும் கணிதர் ஜேர்மன் இளவரசி ஒருத்திக்கு எழுதிய கடிதங்களில் வட்டங்களை வரைந்து தருக்கம் உணர்த்தினார். வென் என்பார் 1880இல் அவ்வட்டங்களைத் திருத்தியமைத்தார். ஐரோப்பியத் தருக்கம் இவ்வாறு கண்ணைத் துணைகொண்டே நெடுந்தூரம் நடந்து வந்துள்ளது. இதனை நினைவிற் கொள்ளுதல் பின்னர்ப் பயன்படும்.

புதிர்கள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று வரிசைப்படுத்தல், மற்றையது தெரிந்தெடுத்தல் அல்லது கூட்டங்களாகப் பிரித்தல். இரண்டும் கலந்தனவும் உண்டு. வட்ட மேசையைச் சுற்றி இருத்துதல் போன்றன எப்போதாவது வந்து மாணவரைத் திகைக்க வைக்கும். வரிசைப் புதிர் ஒன்றை எடுத்து நுணுகி நோக்கின், முழு முறையும் விளங்கும்.

ஒரு வழக்கில் ஆறு சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக விசாரிக்கப்படுகின்றனர் எனக் கொள்க. அவர்களுக்கு வல்லின எழுத்து ஆறனையுமே பெயராக இடலாம்: க, ச, ட, த, ப, ற. நிபந்தனைகள் ஐந்து. சகரம் தகரத்துக்கு முன்னர் விசாரிக்கப்படும். தகரம் டகரத்துக்கு முன்னர் விசாரிக்கப்படும். டகரம் பகரத்தை அடுத்து உடனே விசாரிக்கப்படும். ககரம் முதலாவதாக விசாரிக்கப்படாது. றகரம் சகரத்துக்கு முன்னர் விசாரிக்கப்படின், ககரம் இறுதியாக விசாரிக்கப்படும்.

ஆறு பேரை யாதொரு நிபந்தனையுமின்றி வரிசைப்படுத்தினால் 720 வரிசைகள் உண்டாகும். பயிற்சியில்லாதவன் வினாவுக்கு ஓடிச்சென்று, ஒவ்வொரு விடையையும் எடுத்து, அதற்கேற்ற வரிசை ஒன்று அமையுமா அமையாதா என்று தடவித் தடவிப் பார்ப்பான். இஃது இருட்டறையில் ஊசி தேடுவதாகும். பயிற்சியுடையவன் வினாவை உடனே நோக்கான். நிபந்தனைகளை ஒன்றோடொன்று பிணைத்து, சொல்லப்படாத செய்தி எது என்பதை முதலிற் காண்பான். வினாத்தாளை ஆக்கியவர் வெளிப்படச் சொன்னவை ஐந்து. சொல்லாது மறைத்து வைத்தவை அவற்றினும் பல. மறைத்தவற்றை வெளிக்கொணர்தலே இவ்விளையாட்டின் உயிர்.

முதலில் பகரமும் டகரமும். டகரம் பகரத்தை உடனே தொடர்தலால், அவை இரண்டும் பிரிக்கமுடியாத ஒரு கட்டு. தகரம் டகரத்துக்கு முன்னர் வருதல் வேண்டும். பகரத்துக்கும் டகரத்துக்கும் இடையே எவரும் நுழைய இடமின்மையால், தகரம் பகரத்துக்கும் முன்னரே வந்து தீரும். இதனை எந்நிபந்தனையும் நேரே சொல்லவில்லை. ஆயினும் ஐயத்துக்கு இடமின்றிப் பெறப்பட்டது. இதனோடு முதல் நிபந்தனையையும் பிணைத்தால் ஒரு சங்கிலி கிடைக்கின்றது:

ச … த … [ப ட]

ஆறு பேரில் நால்வரின் முறை நிலைத்துவிட்டது. எஞ்சியோர் ககரமும் றகரமுமே. இனி, முதலாவது சாட்சி யார் என்று வினவுக. தகரமோ பகரமோ டகரமோ சகரத்துக்குப் பின்னரே வரும். ஆதலின் அவை முதலாவது ஆகா. ககரம் ஆகாதென நிபந்தனையே கூறுகின்றது. எனவே முதலாவது சகரம், அன்றேல் றகரம். முழுப் புதிரும் இவ்விடத்தில் இரண்டு கிளையாகப் பிரிகின்றது. றகரம் முதலாவதாயின், அது சகரத்துக்கு முன்னர் வந்தமையால் ககரம் இறுதிக்குத் தள்ளப்படும். இடையில் நிற்பது சங்கிலி மட்டுமே. ற, ச, த, ப, ட, க என்னும் ஒரே வரிசைதான் அக்கிளையில் உண்டு. சகரம் முதலாவதாயின், ஐந்தாம் நிபந்தனைக்கு வேலையே இல்லை; தகரமும் பகர டகரக் கட்டும் தம் முறை மாறாதிருக்க, ககரமும் றகரமும் விரும்பியவாறு இடையிற் புகலாம். அக்கிளையில் பன்னிரண்டு வரிசைகள் அமையும். எழுநூற்றிருபது பதின்மூன்றாகச் சுருங்கிற்று. ஆயினும் அப்பதின்மூன்றையும் எழுதிப் பார்த்தல் வேண்டியதில்லை. கிளை இரண்டென்பதை அறிந்தாற் போதும்.

இப்பொழுது வினாக்கள் தாமே உதிர்கின்றன. ‘டகரம் நான்காவதாக விசாரிக்கப்படின் இரண்டாவது யார்?’ டகரம் நான்காவதாயின் பகரம் மூன்றாவது. அதற்கு முன்னருள்ள இரண்டு இடங்களையும் சகரமும் தகரமும் நிரப்பும். ஆகவே தகரம். ‘ககரம் இரண்டாவதாயின், றகரம் எவ்விடத்தில் வர முடியாது?’ இவ்வினா சிறிது ஆழமுடையது. ககரம் இறுதியில் இல்லாமையால் றகரம் முதலாவதாக வர இயலாது, சகரமே முதலாவது. மூன்று முதல் ஆறு வரையான இடங்களில் தகரம், பகரம், டகரம், றகரம் ஆகியன நிற்கும். றகரம் ஐந்தாவதாக நிற்குமாயின், மூன்றாம் நான்காம் இடங்களும் ஆறாம் இடமுமே எஞ்சும். தகரம் மூன்றில், பகரம் நான்கில் நிற்க, டகரம் ஆறுக்குத் தள்ளப்பட்டுக் கட்டு அறுபடும். ஆதலால் ஐந்தாம் இடம் றகரத்துக்கு இல்லை. மூன்றும் நான்கும் ஆறும் உண்டு. இவ்விடையை ஊகித்து ஒருவனும் பெறான், பெற்றவனும் ஐயுறான். இப்பகுதிக்கே உரிய சிறப்பு இதுவாகும். வாசிப்புப் பகுதியில் இரண்டு விடைகள் ஒன்றோடொன்று போட்டியிடலாம். இங்கே சரியான விடை ஒன்று, ஏனைய நான்கும் நிச்சயமாகப் பிழை.

மாணவர் பெரிதும் வழுக்கி விழும் இடம் ஐந்தாம் நிபந்தனை. றகரம் சகரத்துக்கு முன்னர் வரின் ககரம் இறுதி என்பதைக் கண்டவுடன், ககரம் இறுதியாயின் றகரம் சகரத்துக்கு முன்னர் என்று தலைகீழாகப் படித்துவிடுவர். ச, ற, த, ப, ட, க என்னும் வரிசையில் ககரம் இறுதியில் நிற்கின்றது, றகரமோ சகரத்துக்குப் பின்னர் நிற்கின்றது, எந்நிபந்தனையும் மீறப்படவில்லை. இப்பிழையை நீக்குதற்கு நியாய நூலார் கூறிய பழைய எடுத்துக்காட்டே சாலும். புகையுள்ள இடத்தில் தீ உண்டு; இஃது அன்னுவயம். தீயில்லாத இடத்தில் புகை இல்லை, இது வெதிரேகம். இரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள். ஆயின் தீயுள்ள இடமெல்லாம் புகை உண்டென்பது பெறப்படாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் தீயுண்டு, புகை இல்லை. ஐந்தாம் நிபந்தனைக்கும் இவ்வாறே ஒரு வெதிரேகம் உண்டு: ககரம் இறுதியில் இல்லையெனின் றகரம் சகரத்துக்கு முன்னர் இல்லை. மேலே இரண்டாம் வினாவை விடுவித்தது இதனாலன்றி வேறொன்றாலன்று. அளவை நூலைக் கையாலும் தொடாத அமெரிக்க மாணவன் ஒரு மாதப் பயிற்சியில் இதனைத் தன் விரல்நுனிக்குக் கொண்டுவந்தான் என்பது மகிழத்தக்கதே.

தெரிந்தெடுத்தற் புதிர்களில் இவ்வழுக்கல் வேறு வடிவில் வரும். ‘ககரம் தெரியப்படின் சகரம் தெரியப்படாது’ என்னும் நிபந்தனை இருவரும் ஒருங்கே வரலாகாது என்கின்றது. இருவரும் வாராதிருக்கத் தடையில்லை. ‘ககரம் தெரியப்படாவிடின் சகரம் தெரியப்படும்’ என்பதோ இருவரும் ஒருங்கே விடப்படலாகாது என்கின்றது. இருவரும் வரத் தடையில்லை. ‘இல்லை’ என்னுஞ் சொல் வாக்கியத்தின் முற்பாதியில் நிற்கின்றதா பிற்பாதியில் நிற்கின்றதா என்பதொன்றே வேற்றுமை. விரைவில் வாசிப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ‘மட்டுமே’ என்னும் சொல்லும் அத்தகையது. ‘ககரம் வந்தால் மட்டுமே சகரம் வரும்’ என்பதில் ககரத்தின் வரவு சகரத்தை வரச்செய்யாது. சகரத்தின் வரவே ககரத்தின் வரவை உறுதிப்படுத்தும்.

இவற்றுக்கும் சட்டத்துக்கும் யாது தொடர்பு எனின், தொடர்பு இச்சிறு சொற்களில் உள்ளது. கட்டளைச் சட்டம் ஒன்றின் பிரிவு, ‘இன்ன நிகழ்ந்தாலன்றி இன்னது செய்யப்படலாகாது’ என்று கூறும். அடுத்த பிரிவு அதற்கொரு விலக்குக் கூறும். மூன்றாவது அவ்விலக்குக்கும் ஒரு விலக்கு. இம்மூன்றையும் ஒருங்கு பிணைத்து, தன் கட்சிக்காரன் எவ்விடத்தில் நிற்கின்றான் என்று காணுதலே சட்டத்தரணியின் நாளாந்தத் தொழில். உயில்களும் உடன்படிக்கைகளும் இவ்வாறே எழுதப்படுகின்றன. இக்காரணத்தாற்றான் புதிர்கள் தேர்வில் இடம்பெற்றன. எனினும் வழக்கு மன்றத்தில் எவரும் ஒன்பது நிமிடத்துள் விடை கேட்பதில்லை என்பதையும் உடன் சொல்லுதல் நேர்மையாகும். அன்றியும், இப்பகுதியில் மதிப்பெண் பயிற்சியால் விரைந்து உயர்ந்தது என்பது பயிற்றுநர் பலர் கண்டது. பயிற்சிக்குப் பொருள் வேண்டும். ஓய்ந்திருக்கும் மாதங்களும் வேண்டும்.

இனி, இவ்வளவும் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை நோக்குக. மேலே சங்கிலி ஒன்று வரையப்பட்டது; பகரமும் டகரமும் அடைப்புக்குள் இடப்பட்டன. தேர்வுக்குச் செல்பவன் இதற்கு மேலும் வரைவான். ஆறு கோடுகள் இட்டு, ஒவ்வொன்றின் கீழும் எவர் வரலாகாது என்று குறிப்பான். கிளை இரண்டுக்கும் இரண்டு வரிசை இடுவான். புதுவினா வந்ததும் மூன்றாவதொன்று இடுவான். பயிற்சி நூல்கள் அனைத்தும் முதற்கண் கற்பித்தது வரைதலையே. 2019இல் வினாக்கள் தாளினின்றும் கணினிப் பலகைக்கு மாறியபோதும், வரைந்து பார்த்தற்கென்று எழுதுகோலும் வெறுந்தாள்களும் தனியே வழங்கப்பட்டன. வரையாது விடுவித்தல் இயலாதோ எனின், ஒரு புதிர் இயலும்; நான்கு புதிர்களை முப்பத்தைந்து நிமிடத்தில் விடுவித்தல் பெரும்பாலோர்க்கு இயலாது.

கட்புலனற்றவர் நிலை இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது. பிறெயில் எழுத்திலோ ஒருவர் வாசிக்கக் கேட்டோ நிபந்தனைகளை அறிந்து கொள்ளலாம். மேலதிக நேரமும் பெறலாம். ஆனால் வரைந்து, அழித்து, மாற்றி, முழுவதையும் ஒரு பார்வையில் அடக்கிக் காணும் வசதி அவர்க்கில்லை. மற்றையோர் தாளில் இறக்கிவைத்த சுமையை அவர் நினைவிற் சுமந்துகொண்டே நடத்தல் வேண்டும். இது தமக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று கட்புலனற்ற ஒருவர் 2011ஆம் ஆண்டில் நீதிமன்றத்தை நாடினார். சட்டக் கல்லூரிகள் தகுதித்தேர்வு ஒன்றைக் கோரவேண்டும் என்று விதித்திருந்த அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கமே அவ்வழக்கில் எதிராளி. வழக்கு அவருக்குப் பயன் தரவில்லை. பின்னர்த் தேர்வை நடத்தும் கழகத்தின்மீதே வழக்கு எழுந்தது. 2019 ஒக்டோபரில் இருதிறத்தாரும் இணக்கங் கண்டனர். தருக்கத் திறனை அளத்தற்கு வேறு வழியை நான்காண்டுள் ஆராய்ந்து காண்பதெனக் கழகம் உடன்பட்டது. 2023இல் முடிவு அறிவிக்கப்பட்டது. 2024 யூன் மாதத் தேர்வே புதிர்கள் இடம்பெற்ற கடைசித் தேர்வாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் முதல் அவற்றின் இடத்தில், சிறு வாதங்களைத் தந்து அவற்றின் குறைநிறை வினவும் தருக்கப் பகுதி இரண்டாவது முறையும் வைக்கப்பட்டது.

முடிவை வரவேற்றோரும் உளர்; இரங்கியோரும் உளர். இரங்கியோர் கூற்றிலும் பொருளுண்டு. ஐயத்துக்கிடமில்லாத விடையைத் தரும் பகுதி அதுவொன்றே. ஆங்கில இலக்கியத்தில் ஊறாத மாணவனும், வேற்றுமொழியைத் தாய்மொழியாக உடையவனும் ஏனையோரோடு ஒத்த தளத்தில் நிற்கக்கூடிய இடமும் பெரும்பாலும் அதுவே. அது போனதால் நீண்ட வாக்கியங்களை விரைந்து வாசிப்பவன் கை மேலும் ஓங்கும்.

ஆயினும், ஆறு சாட்சிகளின் புதிரை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க. தகரம் பகரத்துக்கு முன்னரே வரும் என்பது எதனாற் பெறப்பட்டது? இருவரிடையே இடமில்லை என்னும் சொல்லால். முதலாவது சாட்சி இருவருள் ஒருவரே என்பது எதனாற் பெறப்பட்டது? ஏனைய நால்வரும் விலக்கப்பட்டமையால். றகரம் ஐந்தாமிடம் பெறாமைக்குக் காரணமும் சொல்லாலேயே கூறப்பட்டது. இவற்றுள் ஒன்றேனும் கோட்டினாலும் கட்டத்தினாலும் பிறந்ததன்று. வரைபடம் அனுமானத்தைச் செய்யவில்லை; செய்த அனுமானத்தை மறவாது காத்தது, அவ்வளவே. லூயிஸ் கரோல் பலகையும் ஓயிலர் வட்டமும் ஆற்றிய பணி அதுவே. அளக்க விரும்பியது அனுமானம். அளக்கப்பட்டதோ அனுமானமும் வரைதலும் விரைவும் கலந்ததொன்று. கண்ணுடையார் மட்டுமே எழுதிய காலமெல்லாம் இக்கலப்பை எவரும் கவனித்திலர்.

நேரத்தைத் தளர்த்தி, நான்கு புதிரை இரண்டாக்கி, சங்கிலி சிறிதாயமையும் புதிர்களையே தெரிந்திருந்தால் இப்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்று கருத இடமுண்டு. மேற்காட்டிய புதிர் அவ்வாறு அமைந்ததுதான். அதனை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் கண்ணை மூடியிருந்து விடுவித்தல் இயலும். விரும்புவோர் இவ்வினாவோடு தொடங்கலாம்: தகரம் நான்காவதாக விசாரிக்கப்படின், உறுதியாக அறியத்தக்க இடங்கள் எத்தனை? தகரத்தின் இடமும் உட்பட நான்கு என்பது விடை. ககரமும் றகரமும் இரண்டாம் மூன்றாம் இடங்களைத் தம்முள் மாற்றிக் கொள்ளும்.